வரலாற்றுக் கட்டுரை எங்கே சறுக்குகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

கட்டுரை எழுதி முடித்தாயிற்று. தகவல்கள் இருக்கின்றன, எழுத்துப்பிழை பெரிதாக இல்லை, பக்கக் கணக்கும் சரி. ஆனாலும் படித்துப் பார்த்தால் ஏதோ ஒட்டவில்லை. அல்லது ஆசிரியர் ஓரத்தில் "இன்னும் ஆழமாக எழுதலாம்" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். அது எந்த ஆழம், எங்கே தோண்டுவது என்று அவரும் சொல்லவில்லை.

வரலாற்று நிகழ்ச்சிகளையும் தலைவர்களையும் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். உங்கள் கட்டுரைக்குப் பொருந்துவதை மட்டும் படித்துக்கொள்ளலாம். முதல் அறிகுறியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவைதான்.

அறிகுறி: தகவல் எல்லாம் சரி, மதிப்பெண் மட்டும் வரவில்லை

முதலில் ஒரு சோதனை. தலைப்பையும் கேள்வியையும் மறைத்துவிட்டுக் கட்டுரையை ஒரு நண்பரிடம் கொடுங்கள். "எந்தக் கேள்விக்கு இது பதில்?" என்று கேளுங்கள். அவர் "வேலூர்ப் புரட்சியைப் பற்றி ஏதோ" என்று சொன்னால் கோளாறு அங்கேதான். நீங்கள் ஒரு பொருளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

கேள்வி இது என்று வைத்துக்கொள்வோம்: "1806-இல் வேலூரில் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்?" பெரும்பாலான கட்டுரைகள் கோட்டையின் வரலாற்றில் தொடங்கும். திப்புவின் குடும்பம் அங்கே வைக்கப்பட்டிருந்ததைச் சொல்லும். ஜூலை 10 அதிகாலைத் தாக்குதல், கொல்லப்பட்ட அதிகாரிகள், கோட்டையில் ஏறிய மைசூர்ப் புலிக்கொடி, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அதே நாளில் அடக்கிய கில்லெஸ்பி என்று போகும். எல்லாம் உண்மை. ஆனால் "ஏன்" என்பதற்கு நடுவில் எங்கோ இரண்டு வரி: புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் விரும்பவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு.

சரிசெய்ய, கட்டுரையைத் தொடாமல் முதலில் தனித்தாளில் ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். உதாரணமாக: "தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவும் சிப்பாய்களிடம் மதம் போய்விடும் என்ற பயத்தைக் கிளப்பின; மறுத்தவர்களுக்குக் கிடைத்த கசையடி அந்தப் பயத்தைக் கோபமாக்கியது; திப்புவின் மகன்கள் அதே கோட்டையில் இருந்தது கோபத்துக்கு ஓர் அரசியல் இலக்கைக் கொடுத்தது." இதோடு எல்லாரும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய அளவுக்கு அது தெளிவாக இருந்தால் போதும்.

இப்போது கட்டுரைக்குத் திரும்பி, ஒவ்வொரு பத்தியும் அந்த வாக்கியத்தின் எந்தத் துண்டுக்கு வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். குறி விழாத பத்தி வெளியே போகும். கோட்டையை யார் கட்டினார்கள் என்பது போய்விடும். கில்லெஸ்பியும் போய்விடுவார். அவருக்கு இடம் வேண்டுமென்றால் கேள்வி "ஏன் ஒரே நாளில் அடங்கியது?" என்று இருந்திருக்க வேண்டும். கஷ்டப்பட்டுச் சேர்த்த தகவலை வெட்ட மனம் வராது, தெரியும். வெட்டத்தான் வேண்டும்.

கேள்வியே இல்லாமல் வெறும் பெயரைத் தலைப்பாகக் கொடுத்திருந்தால்? "வ.உ.சிதம்பரனார்" என்று மட்டும் பலகையில் எழுதிப் போட்டால்? அப்போது கேள்வியை நீங்களே உண்டாக்க வேண்டும். "வ.உ.சி.யின் தியாகம்" என்பது கேள்வி அல்ல. "கப்பல் கம்பெனி நடத்திய ஒரு வக்கீலை அரசு ஏன் இராஜதுரோகக் குற்றத்தில் சிறைக்கு அனுப்பியது?" என்பது கேள்வி. இப்படி ஒன்று கையில் இருந்தால் எதைப் படிப்பது, எதை விடுவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வி இருக்கும்போது அதன் வினைச்சொல்லையும் பாருங்கள். "விவரி" என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். "விளக்கு" என்றால் காரணம் வேண்டும். "மதிப்பிடு" என்றால் நீங்கள் ஒரு தீர்ப்புக்கு வர வேண்டும். "மதிப்பிடு" என்று கேட்டதற்கு விவரித்துவிட்டு வருவதால் போகும் மதிப்பெண்தான் மிக அதிகம் என்பது என் எண்ணம்.

அறிகுறி: தேதிகள் வரிசையாக நிற்கின்றன, கட்டுரை நகரவில்லை

தலைவர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கே உரிய நோய் இது. பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, திருமணம், முதல் போராட்டம், சிறை, விடுதலை, மறைவு. படித்து முடித்ததும் ஒன்றும் மனதில் நிற்காது.

சோதனை எளிது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே என்ன சொல் பொருந்துகிறது என்று பாருங்கள். "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அது பட்டியல். "அதனால்", "ஆனாலும்", "அதற்குள்", "அதை எதிர்பார்க்காமல்" போன்ற ஒன்று பொருந்தினால் கட்டுரை நகர்கிறது.

வ.உ.சி.யையே எடுப்போம். பட்டியல் வடிவம்: 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டார். 1908 மார்ச் 12-இல் கைதானார். நான்கு வாக்கியம், நடுவில் மூன்று "அப்புறம்".

இணைத்து எழுதினால்: தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது முதலில் வியாபாரப் போட்டிதான். எதிரே இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அதை நசுக்கப் பார்த்தது. ஆனால் வ.உ.சி.யின் கம்பெனி சுதேசியின் அடையாளமாகிவிட்டதால் போட்டி கடலோடு நிற்கவில்லை. 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அவர் தோள் கொடுத்தபோது, வணிகரும் தொழிலாளியும் ஒரே பக்கம் நிற்கத் தொடங்கினார்கள். அரசுக்கு உறுத்தியது அதுதான். அதனால்தான் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடக் கூடிய கூட்டமே கைதுக்குப் போதுமான சாக்காயிற்று. கைதான மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது.

நிகழ்ச்சிகள் ஏறக்குறைய அவையேதான். கூடுதலாக வந்தது காரணத் தொடர்பு மட்டும். பிறந்த ஆண்டு தானாக உதிர்ந்துவிட்டதையும் கவனித்திருப்பீர்கள். இந்தக் கேள்விக்கு அது தேவைப்படவில்லை. அம்பேத்கர் கட்டுரை என்றால் நிலைமை வேறு. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாத குழந்தையாக இருந்தது பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927-இல் நடந்த மகாட் குளப் போராட்டத்தோடு நேராகப் பேசுகிறது. அங்கே இளமைப் பருவம் கட்டாயம் வர வேண்டும். இளமையைப் பற்றி எழுதலாமா கூடாதா என்று பொதுவிதி கிடையாது. பின்னால் வரும் ஒரு முடிவை அது விளக்குகிறதா என்பதே கேள்வி.

அறிகுறி: தலைவர் மனிதராகத் தெரியவில்லை

ஒரு வண்ணப் பென்சிலை எடுத்து உரிச்சொற்களை எல்லாம் அடியுங்கள். மாபெரும், ஒப்பற்ற, தன்னலமற்ற, அஞ்சா நெஞ்சம் கொண்ட, ஈடு இணையில்லாத. அடித்த பிறகு மீதி இருப்பதைப் படியுங்கள். அந்த வரிகள் வேறொரு தலைவருக்கும் அப்படியே பொருந்துமா? பெயரை மாற்றினால் போதும் என்று தோன்றினால், அங்கே இருப்பது பாராட்டுரை, ஆளைக் காணோம்.

இதில் மாணவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. தலைவரின் தடுமாற்றத்தையோ கணக்கையோ எழுதினால் அவரைக் குறைத்துச் சொன்னதாகிவிடுமோ என்று. ஆகாது. லிங்கனைப் பாருங்கள். "அடிமைகளை விடுவித்த மகான்" என்ற ஒரு வரியில் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் 1863 ஜனவரி 1-இல் வந்த அவருடைய விடுதலைப் பிரகடனம், கிளர்ச்சியில் இருந்த தென்பகுதிகளுக்கு மட்டும்தான் பொருந்தியது. ஒன்றியத்தோடு, அதாவது அமெரிக்க மைய அரசோடு, தங்கிவிட்ட எல்லை மாநிலங்களில் அடிமை முறையை அது தொடவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1862 ஆகஸ்டில், ஒன்றியத்தைக் காப்பாற்றுவதே தம் முதல் நோக்கம் என்று ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதியிருந்தார். நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. லிங்கன் அப்போது உயிரோடு இல்லை. இதையெல்லாம் எழுதும்போது லிங்கன் சிறுத்துப் போவதில்லை. எல்லை மாநிலங்களை இழந்தால் போரையே இழக்க நேரும் என்ற நெருக்கடியில் ஒருவர் எதை எப்போது செய்யத் துணிந்தார் என்பது தெரிகிறது. மதிப்பீடு என்று ஆசிரியர் கேட்பது இதைத்தான்.

அசோகர் இன்னும் சுவாரசியமானவர். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று எல்லாக் கட்டுரையிலும் வரும். அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? அசோகரே வெட்டி வைத்த பதின்மூன்றாம் பெரும் பாறைக் கல்வெட்டிலிருந்து. அதாவது, வென்றவரின் வாய்மொழி. இன்னொன்று: அந்தக் கல்வெட்டு வேறு பல இடங்களில் இருக்கிறது, கலிங்கத்திலேயே இருக்கும் தவுலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அங்கே அதற்குப் பதிலாக வேறு ஆணைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தோற்ற மக்களின் கண்முன்னால் வருத்தத்தைச் சொல்ல அரசர் விரும்பவில்லையா, சொல்வது அரசியலுக்கு உதவாது என்று நினைத்தாரா? தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தாலே "போரைக் கண்டு மனம் மாறினார்" என்ற ஒற்றை வரி உயிர் பெற்றுவிடும்.

இதன் மறுபக்கம் வில்லன். கட்டபொம்மன் கட்டுரையில் எட்டப்பன் வருவார், காட்டிக்கொடுப்பார், கதை முடியும். எட்டயபுரம் பாஞ்சாலங்குறிச்சியின் பழைய போட்டியாளர். கிழக்கிந்தியக் கம்பெனிப் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. இதை விடவும் பெரிய விஷயம் ஒன்று கட்டுரைகளில் வருவதே இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து மைசூர்ப் போர் முடிந்ததால், கம்பெனிப் படைக்குத் தெற்கே திரும்பக் கை ஒழிந்தது. எல்லாப் பழியையும் ஒரு துரோகியின் தலையில் போட்டுவிட்டால் படையும் வரிப்பாக்கியும் பாளையங்களுக்கு இடையிலான பகையும் கட்டுரையிலிருந்து மறைந்துவிடும்.

அறிகுறி: "காரணம்" என்று ஒன்றே ஒன்று நிற்கிறது

"சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதால் முதல் உலகப் போர் மூண்டது." சுட்டது 1914 ஜூன் 28. ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது ஜூலை 28. ஒரு முழு மாதம் நடுவில் கிடக்கிறது. இந்த மாதத்தில் என்ன நடந்தது என்று தேடுங்கள். உங்கள் கட்டுரை அதற்குள்தான் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு முழு ஆதரவு தந்தது. 23-ஆம் தேதி செர்பியாவுக்கு ஏற்க முடியாத நிபந்தனைகளோடு இறுதி எச்சரிக்கை போனது. மாதக் கடைசியில் ரஷ்யா படை திரட்டியது. ஆகஸ்ட் 1-இல் ஜெர்மனி ரஷ்யாமீதும், 3-இல் பிரான்ஸ்மீதும் போர் அறிவித்தது. பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்ததும் 4-ஆம் தேதி பிரிட்டன் இறங்கியது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பதற்கான பதிலில்தான் கூட்டணிகளும், ஆயுதப் போட்டியும், முன்கூட்டியே வகுத்த படைத்திட்டங்களும் வரும்.

ஒவ்வொரு காரணத்துக்கும் "இது நடக்காமல் இருந்திருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். போர் அப்போதும் வந்திருக்கும் என்று தோன்றினால் அது தூண்டுதல் மட்டுமே. வந்திருக்காது என்று தோன்றினால் அது அடிப்படை.

எதிர்த்திசைக் கோளாறும் உண்டு. நெடுங்காலக் காரணம், அண்மைக் காரணம், உடனடிக் காரணம் என்று மூன்று தலைப்புப் போட்டு, கீழே பத்துக் காரணங்களை அடுக்கிவிட்டு ஒன்றையும் எடைபோடாமல் விடுவது. பாடநூல் பிரிப்பதால் நாமும் பிரிக்கிறோம். பிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் எது இல்லாவிட்டால் மற்றவை செயலற்றுப் போயிருக்கும் என்று ஒரு வரியாவது சொல்லுங்கள். பத்தும் சமம் என்றால் நீங்கள் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார்.

அறிகுறி: எல்லாம் "பட்டது", செய்தவர் யாரும் இல்லை

வரி விதிக்கப்பட்டது, சட்டம் கொண்டுவரப்பட்டது, போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஒவ்வொரு "பட்டது"வுக்கும் முன்னால் "யாரால்?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அதைத் தேடிப் போவதுதான் அடுத்த வேலை.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில், "தொண்டர்களுக்கு உதவக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். விதித்தவர் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு கிளம்பியவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அவர் எச்சரித்தார். அப்படியும் வழியில் சோறு கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. பெயர் வந்த உடனே நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கமும் கிடைத்துவிடுகிறது: தண்டனையைக் காட்டி மிரட்டும் அதிகாரி, அதைப் பொருட்படுத்தாமல் இலை போடும் ஊர்க்காரர்கள்.

"மக்கள் கொதித்தெழுந்தனர்" என்பதும் இதே வகைதான். எந்த மக்கள்? மில் தொழிலாளியா, சிப்பாயா, வரி கட்ட முடியாத விவசாயியா, வக்கீலா? எல்லாருக்கும் ஒரே கோபம் இருந்திருக்காது. "ஆங்கிலேயர்" என்று எல்லாக் காலத்துக்கும் ஒரே சொல்லைப் போடுவதையும் பாருங்கள். 1858-க்கு முன்னால் ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. பிறகுதான் அரசியின் நேரடி ஆட்சி. 1806 கட்டுரையில் "பிரிட்டிஷ் இந்திய அரசு" என்று எழுதினால் கவனமாகப் படிக்கும் ஆசிரியர் அங்கேயே பேனாவை எடுப்பார்.

அறிகுறி: ஆள் மாறிவிட்டார், அல்லது தேதி இடிக்கிறது

ஜாலியன்வாலா பாக் கட்டுரைகளில் இது ஏறக்குறைய நிச்சயம். 1919 ஏப்ரல் 13-இல் சுட உத்தரவிட்டவர் ஜெனரல் டயர். உத்தம் சிங் 1940-இல் லண்டனில் சுட்டுக் கொன்றது மைக்கேல் ஓ'டயரை. 1919-இல் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்தவர் அவர். ஜெனரல் டயர் 1927-லேயே இறந்துவிட்டார். பெயர் ஒத்துப்போவதால் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

இதைப் பிடிக்க ஒரு பழைய வழி: கட்டுரையில் வரும் எல்லாத் தேதிகளையும் வேறொரு தாளில் காலவரிசையில் எழுதி, பக்கத்தில் அந்தந்த ஆளின் வயதைப் போடுங்கள். இறந்தவர் சுடப்படுவதும், எட்டு வயதுப் பிள்ளை படை நடத்துவதும் அப்போது கண்ணில் படும். கால் மணி நேர வேலை.

தேதியே இரண்டாக இருக்கும் இடங்களும் உண்டு. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நம் நாட்காட்டியில் 1917 நவம்பர் 7. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதால் அவர்களுக்கு அது அக்டோபர் 25. இரண்டு நூல்களில் இரண்டு தேதி பார்த்தால் ஒன்று தவறு என்று அவசரப்பட வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கு வேறு காலை வாரும்: 1799 பதினெட்டாம் நூற்றாண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அல்ல. கிறிஸ்துவுக்கு முந்தைய ஆண்டுகள் பின்னோக்கி எண்ணப்படுவதையும், நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அறிகுறி: மேற்கோள் அழகாக இருக்கிறது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது

சந்தேகம் வந்தாலே பாதி வேலை முடிந்தது. "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று பிரெஞ்சு அரசி மரீ ஆன்ட்வானெட் சொன்னதாகப் பிரெஞ்சுப் புரட்சிக் கட்டுரைகள் எல்லாம் தொடங்கும். இந்தக் கதை ரூசோவின் தன்வரலாற்றில் பெயர் சொல்லாமல் "ஒரு பெரிய இளவரசி" சொன்னதாக வருகிறது. ரூசோ அந்தப் பகுதியை எழுதியபோது மரீ ஆன்ட்வானெட் ஆஸ்திரியாவில் இருந்த பத்து வயதுச் சிறுமி. "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரைக் கொடுத்தும் போராடுவேன்" என்பது வால்டேருடையது அல்ல. அவர் 1778-இல் இறந்தார். அந்த வரி, 1906-இல் ஓர் ஆங்கில எழுத்தாளர் வால்டேரின் மனப்போக்கைச் சுருக்கிச் சொல்லத் தாமே எழுதியது.

மூன்று விஷயம் கேளுங்கள்: எங்கே சொன்னார், எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார். மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காத மேற்கோளை எடுத்துவிடுங்கள். படத்தின்மேல் பெயரோடு அச்சடித்துப் பகிரப்படுவது ஆதாரம் இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் மேற்கோளுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சொல்லாத வார்த்தையைச் சொன்னது போலவே நம்பும்படி எழுதித் தந்துவிடும்.

எண்ணிக்கைக்கும் இதே விதி. ஜாலியன்வாலா பாக்கில் இறந்தவர்கள் 379 பேர் என்றது அரசு விசாரணை. காங்கிரஸ் தரப்பு விசாரணை ஆயிரத்தை ஒட்டிச் சொன்னது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால் கட்டுரை ஒருபக்கமாகிவிடும். இரண்டையும், எண்ணியது யார் என்பதோடு சேர்த்து எழுதினால் வேறுபாடே ஒரு வாதமாகிவிடுகிறது.

அறிகுறி: அன்றைய ஆட்கள் இன்றைய மொழி பேசுகிறார்கள்

"கட்டபொம்மன் இந்திய விடுதலைக்காகப் போராடினார்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1799-இல் அவர் முன்னால் இருந்த பிரச்சினை பாளையத்தின் வரி உரிமை, அதில் கம்பெனி தலையிட்டது, ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனின் முன் அவருக்கு நேர்ந்த அவமதிப்பு. பின்னால் வந்த தலைமுறைகள் அவரை விடுதலைப் போரின் முன்னோடியாகக் கண்டன; அது நியாயம்தான், அதையும் எழுதலாம். ஆனால் அவர் மனதில் இருந்தது எது, நாம் பின்னாளில் அவரிடம் கண்டது எது என்று பிரித்து எழுத வேண்டும். பிரித்தால் ஒரு நல்ல பத்தியும் கிடைக்கும்: 1801-இல் சின்ன மருது வெளியிட்ட திருச்சிப் பிரகடனம் பாளையங்களைத் தாண்டி எல்லாச் சாதியாரையும் கம்பெனிக்கு எதிராக அழைத்தது. இரண்டே ஆண்டில் பேச்சின் எல்லை இவ்வளவு விரிந்திருக்கிறது. இருவரையும் ஒரே "இந்திய விடுதலை"க்குள் அடைத்துவிட்டால் அந்த விரிவு தெரியாமலே போய்விடும்.

முடிவு தெரிந்தபின் எழுதுவதால் வரும் வழுக்கலும் இந்த இனம்தான். "முதல் உலகப் போரில் சேர்ந்த வீரர்கள்" என்று எழுதுகிறோம். இரண்டாவது ஒன்று வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. "தோல்வி உறுதியான போரில் இறங்கினார்" என்று எழுதும் முன், அந்த நாளில் அது உறுதியாகத் தெரிந்ததா என்று பாருங்கள்.

அறிகுறி: முன்னுரை பாதிக் கட்டுரை, முடிவுரை அறிவுரை

முன்னுரை நீண்டால் முதல் பத்தியை அப்படியே எடுத்துவிட்டுப் படியுங்கள். பத்தில் எட்டு கட்டுரைகள் இரண்டாம் பத்தியிலிருந்தே நன்றாகத் தொடங்கும்.

முடிவுரையில் "நாமும் அவர் வழி நடந்து நாட்டை உயர்த்துவோம்" என்று எழுதுவது பேச்சுப் போட்டிக்குச் சரி. வரலாற்றுக் கட்டுரையின் கடைசிப் பத்தி "அதனால் என்ன மாறியது, என்ன மாறவில்லை?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேலூருக்கு அது இப்படி இருக்கலாம்: தலைப்பாகை உத்தரவைக் கம்பெனி திரும்பப் பெற்றது, சென்னை ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் சிப்பாயின் நம்பிக்கையைத் தொட்டால் என்ன ஆகும் என்ற பாடம் ஐம்பத்தோரு ஆண்டு கழித்து, 1857-இல், விலங்குக் கொழுப்புத் தடவிய தோட்டா உறை விஷயத்தில் மறந்துபோயிருந்தது.

அறிகுறி: வாக்கியங்கள் உங்களுடையவை போல இல்லை

மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் இது வரும். படித்ததை மூடி வைத்துவிட்டு, விஷயம் தெரியாத ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது திக்கும் இடம் உங்களுக்குப் புரியாத இடம். அதை மட்டும் மறுபடி படியுங்கள். பிறகு புத்தகத்தைத் திறக்காமல் எழுதி, கடைசியில் பெயரையும் தேதியையும் மட்டும் ஒத்துப்பாருங்கள்.

அறிகுறி: நாளை ஒப்படைக்க வேண்டும், நேரமே இல்லை

அப்படியானால் நடையைத் தொடாதீர்கள். மொழியை மெருகேற்றுவதில் இரவு போய்விடும். முதலில் ஒரு வாக்கியப் பதிலை எழுதி முதல் பத்தியின் முடிவில் வையுங்கள். அடுத்து, அந்தப் பதிலுக்கு வேலை செய்யாத மிகப் பெரிய பத்தி ஒன்றை எடுத்துவிடுங்கள், ஒன்று போதும். மூன்றாவதாக, தேதிகளையும் வயதுகளையும் காலவரிசையில் எழுதும் அந்தத் தாள். மேற்கோள்களில் இடமும் நாளும் தெரியாதவற்றைச் சரிபார்க்க நேரம் இருக்காது, அதனால் யோசிக்காமல் நீக்கிவிடுங்கள். மேற்கோள் இல்லாததற்காக யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை, பொய் மேற்கோளுக்குக் குறைப்பார்கள். மிச்ச நேரம் இருந்தால் கடைசிப் பத்தியிலிருந்து அறிவுரையை எடுத்துவிட்டு, "என்ன மாறியது" என்று இரண்டு வரி எழுதுங்கள். உரிச்சொற்களை அடிப்பதைக் காலையில் நகல் எடுக்கும்போதே செய்துகொள்ளலாம்.